கடலில் எத்தனை திமிங்கிலம்? கப்பல் மேல் நின்று எண்ணுகிறார்கள்!

சிங்காரப்பேட்டைப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பொழுது சாயும் நேரம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மேய்ந்த ஆடுகள் பட்டிக்குத் திரும்பும். பட்டிக்கு ஒரே ஒரு வாசல். அதன் பக்கத்தில் ஆட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஆடுகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே நுழையும். அவர் உதடு மட்டும் அசையும். கடைசி ஆடு நுழைந்ததும், "ஒன்று குறைகிறதே!" என்பார். குறைந்தது எந்த ஆடு என்று கூடச் சொல்லிவிடுவார்.

எண்ணுவதற்கு இதை விட நல்ல வழி கிடையாது. ஆனால் அதற்குப் பட்டி வேண்டும். ஒரே வாசல் வேண்டும்.

கடலுக்குப் பட்டி ஏது? வாசல் ஏது?

ஆனாலும் கடலில் உள்ள திமிங்கிலங்களை எண்ணுகிறார்கள். கப்பலின் மேல் தட்டில் நின்று, கண்ணால் பார்த்தே எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பார்க்காமல் விட்டதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

"எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகப் போகிறதே ஒரு சாலை, அதிலேயே போய்க்கொண்டிருந்தால் செங்கம் வரும். திருவண்ணாமலை வரும். செஞ்சி, திண்டிவனம் வரும். அதற்கும் அப்பால் போனால் புதுச்சேரிக் கடல்தான். அந்தச் சாலையில் ஓடும் பஸ்சில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், திமிங்கிலக் கணக்கில் பாதி புரிந்துவிடும்.

அதற்கு முன்னால், எதற்காக எண்ண வேண்டும் என்று பார்ப்போம்.

கரையில் கிடந்த 147

1973-ம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கல் சமயம். மன்னார் வளைகுடாக் கரையில் கூட்டம் கூட்டமாகத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மொத்தம் 147!

43 ஆண்டு கழிந்தது. 2016-ம் ஆண்டு, அதே ஜனவரி மாதம். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு பக்கத்தில் மறுபடியும் அதே ஜாதித் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேல் கரை ஏறின. மீனவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். உயிரோடு இருந்தவற்றைப் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

இவை பைலட் திமிங்கிலங்கள். பெயர்தான் திமிங்கிலம். உண்மையில் இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. டால்பினை நம் மீனவர்கள் ஓங்கல் என்பார்கள். திமிங்கிலமும் ஓங்கலும் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகள். நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன.

147 செத்தால் மீதி எத்தனை? இதுதான் கேள்வி. கடலில் ஒரு லட்சம் இருந்தால், அது ஒரு துக்கச் செய்தி. அவ்வளவுதான். கடலில் மொத்தமே ஆயிரம் இருந்தால்? ஏழில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டில் எது என்று மணப்பாட்டுக் கரையில் நின்று சொல்ல முடியாது. கடலுக்குள் போய் எண்ணினால்தான் சொல்ல முடியும்.

வலை விஷயமும் இப்படித்தான். சூரை மீனுக்கு விரித்த வலையில் ஓங்கல் சிக்கிவிடுகிறது. மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துப் போகிறது. மீனவருக்கும் நஷ்டம்தான்; வலை கிழிகிறது.

"ஓங்கலைக் கொல்லும் வலையில் பிடித்த மீன் எங்களுக்கு வேண்டாம்" என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. 2016-ம் ஆண்டு போட்ட விதி. பல தடவை தள்ளிப்போட்டு, 2026-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியை அதற்குக் கடைசி நாளாக வைத்தார்கள். மீன் அனுப்பும் நாடு, "எங்கள் கடலில் இத்தனை ஓங்கல் இருக்கிறது, வலையில் சாவது இத்தனை" என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டு இறாலை அதிகமாக வாங்குவது அமெரிக்கா. ஆகவே இந்த எண், திமிங்கிலத்தின் உயிர்க் கணக்கு மட்டும் அல்ல. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உள்ள மீனவர் வீட்டு அடுப்புக் கணக்கும் கூட.

பஸ்சில் ஒரு கணக்கு

சரி, பஸ்சில் ஏறுங்கள்.

சிங்காரப்பேட்டையில் ஏறி, வயல்களில் நிற்கும் பனைமரங்களை எண்ணிக்கொண்டு வருகிறீர்கள். சாலையிலிருந்து இந்தப் பக்கம் 100 மீட்டர், அந்தப் பக்கம் 100 மீட்டர். அதற்குள் நிற்கும் மரம் மட்டும்தான் கணக்கு. பத்து கிலோ மீட்டர் போவதற்குள் 40 மரம் தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் பார்த்த பட்டை, பத்து கிலோ மீட்டர் நீளம். அகலம் 200 மீட்டர். பரப்பு 2 சதுர கிலோ மீட்டர். அதில் 40 மரம். ஆகவே ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 20. சுற்று வட்டாரம் 50 சதுர கிலோ மீட்டர் என்றால், ஆயிரம் பனைமரம்! நீங்கள் பஸ்சை விட்டு இறங்கவே இல்லை.

கப்பலும் இதைத்தான் செய்கிறது. நேர் கோட்டில் போகிறது. இரண்டு பக்கமும் பார்த்து எண்ணுகிறார்கள். பிறகு கடல் பரப்பால் பெருக்குகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பனைக்குப் பதிலாகப் புளியமரத்தை எண்ணினீர்கள் என்று வையுங்கள். கணக்கு கெட்டது! ஏன்? புளியமரத்தைச் சாலை ஓரமாகவே நட்டு வைத்திருக்கிறார்கள். சாலையில் பார்த்ததை வைத்து ஊர் முழுவதும் புளியந்தோப்பு என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

ஆகவே எண்ணப் போகும் கப்பல், "அங்கே திமிங்கிலம் அதிகம், அங்கே போவோம்" என்று போகக் கூடாது. திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் போல, வரைபடத்தில் முன்கூட்டியே கோடு போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாக, கோலத்து நெளி போலப் போடுவார்கள். காலி இடம் வந்தாலும் அந்தக் கோட்டில்தான் போக வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மேல் தட்டில் மூன்று பேர்

கப்பலிலேயே உயரமான இடம், மாலுமி அறைக்கு மேலே உள்ள திறந்த தட்டு. அங்கே வெயில் நேராக மண்டையில் இறங்கும். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர். பக்கத்தில் நிற்கும் இருவருக்கும் பெரிய பைனாகுலர். 25 மடங்கு பெரிதாகக் காட்டும். கையில் பிடிக்க முடியாது. இரும்புத் தூணில் பொருத்தி இருக்கும். நடுவில் இருப்பவர் வெறுங்கண்ணால் பார்த்து, எல்லாவற்றையும் எழுதுவார்.

இப்படித்தான் 1995-ம் ஆண்டு ஓர் அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல், இந்து மகாசமுத்திரத்தின் மேற்குப் பகுதியில் மார்ச் முதல் ஜூலை வரை சுற்றியது. 9 ஆயிரத்து 784 கிலோ மீட்டர் தூரம் எண்ணிக்கொண்டே போனார்கள். 589 தடவை திமிங்கிலமோ ஓங்கலோ கண்ணில் பட்டது. 21 ஜாதிகள்!

ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பூத்துப் போகும். ஆகவே அமெரிக்கக் கப்பல்களில் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறுவார்கள். மூன்று இடமும் சுற்றி வந்தால் இரண்டு மணி நேரம். பிறகு இரண்டு மணி நேரம் ஓய்வு. வேறு மூன்று பேர் ஏறுவார்கள்.

அவர்கள் தேடுவது திமிங்கிலத்தை அல்ல. திமிங்கிலத்தின் மூச்சை! மேலே வந்ததும் அது 'புஸ்' என்று மூச்சு விடும். அது வெள்ளைப் புகை போல எழும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 30 அடி உயரம் நேராக நிற்கும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சு இடது பக்கம் சாய்ந்து முன்னால் வரும். பழகியவர்கள் உடம்பைப் பார்க்கும் முன்பே மூச்சைப் பார்த்து ஜாதியைச் சொல்லிவிடுவார்கள். தூரத்தில் கடல் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டால், அடியில் ஓங்கல் கூட்டம் இருக்கலாம்.

காற்று பலத்தால் வேலை நின்றுவிடும். அலை நுனி எல்லாம் வெள்ளை வெள்ளையாக உடைந்து, கடல் முழுவதும் வெள்ளாடு மேய்வது போல இருக்கும். அதில் எந்த வெள்ளை மூச்சு, எந்த வெள்ளை நுரை?

ஓங்கல் கூட்டம் வந்தால் இன்னொரு வேடிக்கை. "எத்தனை இருக்கும்?" என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது! ஒவ்வொருவரும் தன் நோட்டில் தனியாக எழுத வேண்டும். குறைந்தது இத்தனை, அதிகம் போனால் இத்தனை, என் மனசுக்குப் பட்டது இத்தனை என்று மூன்று எண். பேசிக்கொண்டால் அனுபவசாலி சொன்னதையே எல்லாரும் எழுதிவிடுவார்கள் அல்லவா? கல்யாண வீட்டில் "எத்தனை இலை விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒருவர் "ஐந்நூறு" என்று சொல்லிவிட்டால், பிறகு எல்லாருமே ஐந்நூறுதான்.

பார்க்காததை எண்ணும் கணக்கு

பார்த்தவுடன் இரண்டு அளவு எடுக்கிறார்கள். ஒன்று, தூரம். பைனாகுலருக்குள் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். வானமும் கடலும் சேரும் இடத்திலிருந்து எத்தனை கோடு கீழே திமிங்கிலம் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். இன்னொன்று, கப்பலின் மூக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பிப் பார்க்கிறோம் என்பது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால், இந்த இரண்டையும் வைத்து, கப்பல் போகும் கோட்டிலிருந்து திமிங்கிலம் எவ்வளவு விலகி இருக்கிறது என்று போட்டுக் கொடுக்கும். 4 கிலோ மீட்டர் தூரம், 30 டிகிரி திருப்பம் என்றால், விலகல் 2 கிலோ மீட்டர்.

எதற்கு இந்த விலகல்? இப்போதுதான் சூட்சுமம் வருகிறது.

உதாரணத்துக்கு ஒரு பயணம். கோட்டுக்கு ஒரு கிலோ மீட்டருக்குள் 20 திமிங்கிலம் கண்டார்கள். ஒன்றிலிருந்து இரண்டு கிலோ மீட்டருக்குள் 12. இரண்டிலிருந்து மூன்றுக்குள் 5. ஆக மொத்தம் 37.

ஏன் தள்ளிப் போகப் போகக் குறைகிறது? கப்பல் வரும் கோடு திமிங்கிலத்துக்குத் தெரியுமா? தெரியாது. கோட்டுப் பக்கத்தில் எத்தனை இருக்குமோ, தள்ளியும் அத்தனைதான் இருக்க வேண்டும். பக்கத்தில் 20 என்றால் அடுத்ததிலும் 20. அதற்கு அடுத்ததிலும் 20. மொத்தம் 60. கண்ணில் பட்டது 37. கண்ணுக்குத் தப்பியது 23!

பார்த்தீர்களா? பார்க்காத 23-ஐயும் எண்ணிவிட்டோம். விஞ்ஞானிகள் இதையே வளைகோடு போட்டு நுட்பமாகச் செய்கிறார்கள். அடிப்படை இதுதான்.

கப்பலுக்கு அடியில் போனால்?

கெட்டிக்காரர்கள் உடனே மடக்குவார்கள். "பக்கத்தில் இருக்கும் 20-ஐயும் முழுசாகப் பார்த்தோம் என்பது என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. ஏரியில் பிள்ளைகள் முங்கு நீச்சல் அடிக்கிறார்கள். தலை எண்ணுங்கள் பார்க்கலாம்! ஐந்து தலை தெரியும்போது மூன்று தலை தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

எண்ணெய்த் திமிங்கிலம் முங்கினால் முக்கால் மணி நேரம் வெளியே வராது. எண்ணும் கப்பல் மணிக்குச் சுமார் 18 கிலோ மீட்டர் போகும். முக்கால் மணி நேரத்தில் 14 கிலோ மீட்டர் தாண்டிவிடும். கப்பல் 7 கிலோ மீட்டர் தூரத்தில் வரும்போது அது முங்கியது என்றால், தலைக்கு மேலேயே கப்பல் போய், 7 கிலோ மீட்டர் கடந்த பிறகுதான் எழும்பும். கூவியர் அலகுத் திமிங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு தடவை 3 மணி 42 நிமிஷம் முங்கி இருந்ததை அளந்திருக்கிறார்கள். அடேயப்பா!

இதற்காகக் கப்பலின் பின்னால் நீளக் கயிற்றில் ஒலிவாங்கியைக் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவது உண்டு. முங்கிய எண்ணெய்த் திமிங்கிலம் 'டக், டக், டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இரை தேடும். கண்ணுக்குத் தப்பியது காதில் அகப்படும்.

மேலே வந்தும் கண்ணுக்குத் தப்புவதற்கு இன்னொரு தந்திரம். ஒரே கப்பலில் இரண்டு கோஷ்டி! ஒரு கோஷ்டி பார்ப்பது மற்றொரு கோஷ்டிக்குத் தெரியக் கூடாது. குரலும் கேட்கக் கூடாது. மேல் கோஷ்டி 20 கண்டது. கீழ்க் கோஷ்டி 15 கண்டது. இரண்டையும் ஒத்துப் பார்த்தால், 10 மட்டும் இரு கோஷ்டியும் கண்டவை. அதாவது கீழ்க் கோஷ்டி கண்ட பதினைந்தில் பத்துதான் மேல் கோஷ்டியின் கண்ணில் பட்டது. மேல் கோஷ்டிக்கு மூன்றில் இரண்டு பங்குதான் தெரிகிறது. அதற்குத் தெரிந்தது 20. அப்படியானால் இருந்தது 30. இருவர் கண்ணிலும் படாமல் போனது ஐந்து!

ஓங்கல் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். அதற்குக் கப்பல் என்றால் கொண்டாட்டம். தூரத்தில் இருப்பவை எல்லாம் ஓடி வந்து கப்பல் மூக்கில் துள்ளி விளையாடும். கோட்டுப் பக்கத்தில் கூட்டம் அதிகமாகத் தெரியும். கணக்கு உப்பிவிடும். ஆகவே அது கப்பலைக் கண்டு திரும்புவதற்கு முன்பே, தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும். 25 மடங்கு பைனாகுலர் அதற்குத்தான்.

நம் ஓசூர், தளி, அஞ்செட்டிக் காடுகளில் யானையை எண்ணுகிறவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. யானை சாணம் போட்டுவிட்டுப் போகும். அதை வைத்தும் கணக்குப் போடலாம். 2024-ம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் 3 ஆயிரத்து 63 யானைகள் என்று வந்தது. திமிங்கிலம் அப்படித் தடயம் எதுவும் வைப்பது இல்லை.

எண்ணியதால் என்ன நடந்தது?

எண்ணாமல் விட்டதால் நடந்ததை முதலில் சொல்லுகிறேன். 1966-ம் ஆண்டு நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் புகுந்தன. ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய கரைகளுக்கு அப்பால் கூன்முதுகுத் திமிங்கிலங்களை விதியை மீறிக் கொன்றன. அதற்கு முந்திய ஆண்டு கொன்றதையும் சேர்த்து 242. இந்த ரகசியம் முப்பது ஆண்டு கழித்து, 1990-களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு ஓமான் கடலில் படகில் போய், வால் அடையாளத்தைப் படம் எடுத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். சுமார் 82 என்று வந்தது. கொன்றது 242. பார்த்து மதிப்பிட்டது 82!

இப்போது நல்ல செய்தி. இலங்கையின் தெற்குக் கோடியில் மிரிஸ்ஸ, தெவிநுவர என்ற ஊர்கள் உண்டு. அந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் மேய்கின்றன. உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றும் அங்கேதான் போகிறது. கப்பல் மோதித் திமிங்கிலம் சாகிறது.

2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே கோடு போட்டு, படகில் போய் எண்ணினார்கள். திமிங்கிலம் எங்கே அதிகம் என்று பார்த்தால், சரியாகக் கப்பல் பாதையிலேயே! பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவிகிதம் குறையும் என்று கணக்கு சொன்னது. 2022-ம் ஆண்டு எம்.எஸ்.சி. என்ற மிகப் பெரிய கப்பல் கம்பெனி, தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது.

நம் கப்பல்

நம் நாட்டில் 'சாகர் சம்பதா' என்ற ஆராய்ச்சிக் கப்பல் டென்மார்க்கில் கட்டி 1984-ல் வந்தது. அதில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் ஏறினார்கள். இந்த நிலையம் இப்போது கொச்சியில் இருக்கிறது. ஆனால் 1949 முதல் 1971 வரை நம் மண்டபத்தில்தான் அதன் தலைமை இடம் இருந்தது.

2003 அக்டோபர் முதல் 2007 பிப்ரவரி வரை 35 பயணம் போனார்கள். ஆனால் கப்பல் அவர்களுக்காகப் போகவில்லை! மீன் ஆராய்ச்சி, தண்ணீர் ஆராய்ச்சி என்று வேறு வேலைக்குப் போயிற்று. இவர்கள் அதில் இடம் பிடித்துக்கொண்டு, மேலே நின்று பார்த்தார்கள். கப்பல் போன வழிதான் இவர்கள் வழி. புளியமரத் தொல்லை உங்களுக்கு நினைவு இருக்கும். ஆகவே அந்தப் பயணங்களால், எந்த ஜாதி எங்கே வருகிறது என்று சொல்ல முடிந்தது. நம் கடலில் மொத்தம் எத்தனை என்று சொல்ல முடியவில்லை. பிற்பாடு அமெரிக்க விதி வந்த பிறகுதான், இந்த நிலையமும் மத்திய அரசின் மீன்வள ஆய்வு நிறுவனமும் மொத்தக் கணக்கு எடுக்கும் வேலையில் இறங்கின.

அந்த 35 பயணங்களில் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், 5 ஆயிரத்து 200 மணிக்கு மேல். கண்ணில் பட்டது 470 தடவைக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பாருங்கள். 11 மணி நேரத்துக்கு ஒரு தடவை! காலையில் ஏறி நின்றால் பொழுது சாய்வதற்குள் ஒன்று தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

அந்த வெறும் மணி நேரத்தையும் விடாமல் எழுத வேண்டும் என்பது விதி. எவ்வளவு தூரம் பார்த்தோம் என்று தெரியாவிட்டால், கண்ட எண்ணை எதனால் வகுப்பது? ஆகவே நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே வரிதான் விழும். மணி இத்தனை, கப்பல் இருக்கும் இடம் இன்னது, கடல் அமைதி, ஒன்றும் காணவில்லை.